போகாத உம்ரா

ஷார்ஜா விமான நிலையத்தில் கொழும்பு விமானத்துக்காகக் காத்திருந்தபோதுதான் தர்ஷிகாவின் குரல் செய்தி வந்தது. தர்ஷிகா என்னோடு தபால் கந்தோரில் வேலை செய்கிறவள். நான் லீவில் போகிற நாட்களில் என் கவுண்டரையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பவள் அவள்தான்.

"அக்கா, நீங்க கிர்கிஸ்தான்தானே போனீங்க? இன்னைக்கு ஒரு அம்மா வந்து, பஸ்லா மிஸ் மக்காவுல இருந்து எப்ப வாறாங்கன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். பெறகு இன்னொருத்தர் வந்து, உம்ராவுக்குப் போன மிஸ் வந்துட்டாங்களான்னு கேட்டாரு. தெரியலன்னு சொல்லி சமாளிச்சிட்டேன். என்னக்கா நடக்குது?"

என்ன நடக்கிறதென்று எனக்கு மட்டும் தெரியுமா? செய்தியை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று உக்குவளையில் எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரியும்: நான் எதையும் ஒளித்துச் செய்கிறவள் இல்லை. நேபாளம் போனேன், வியட்நாம் போனேன், ஜோர்ஜியா போனேன். ஒரு தரம் தவிர எல்லாம் தனியாகத்தான். கவுண்டரில் முத்திரை வாங்க வந்தவர்கள் "தனியாவா?" என்று வாயைப் பிளந்தபோது, "ஓ, தனியாத்தான்" என்று சொல்லி மிச்சக் காசைத் தள்ளினேன். "புருஷன் ஒண்டும் சொல்றல்லயா?" என்றால், "அவர்ட்டக் கேட்டுப் பாருங்களேன்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. என் முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள். பேசட்டும். முதுகு இருப்பதே அதற்குத்தானே.

வருடத்தில் இரண்டு கிழமை, பதினான்கு நாள்தான். மற்ற நாளெல்லாம் நான் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடுகிறவள். மற்றவர்கள் வேண்டாம் என்கிற நாட்களில் வேலை செய்து, ஒவ்வொரு லீவாகச் சேர்த்து வைத்துத்தான் போகிறேன். ஏன் போகிறாய் என்று கேட்டால் பெரிய தத்துவமெல்லாம் என்னிடம் இல்லை. அந்த இரண்டு கிழமையும் "மிஸ்" என்றோ "பஸ்லா" என்றோ "உம்மா" என்றோ என்னை ஒருவரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. போன கிழமை ஓர் ஏரிக்கரையில், கம்பளிக் கூடாரமொன்றின் வாசலில், சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காலை முழுக்கச் சும்மா இருந்தேன். தூரத்தில் குதிரைகள் மேய்ந்தன. ரொட்டி தந்த மனிசியின் பாஷை எனக்குப் புரியவில்லை, என் பாஷை அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவு நிம்மதி.

என் கணவர் அன்ஸாப்பை ஒரு முறை கூட்டிப்போனேன். நேபாளத்துக்குத்தான். மூன்றாம் நாளே கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கறாம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற மனிதர், மலையைப் பார்த்தாலும் அதில் மிளகுக்கொடி படருமா என்றுதான் யோசிப்பார். மகள் ஸஹ்னாவுக்குப் பதினொரு வயது. அவளைக் கூட்டிப்போகலாமே என்று கேட்பவர்களுக்கு, பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று சொல்லிவிடுவேன். உண்மை அதுவல்ல. தனியாகப் போவதுதான் எனக்கு வேண்டும். அவளும் ஒரு நாளும் கூட வருகிறேன் என்று கேட்டதில்லை.

இந்த முறை லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசி வரை இழுபறி. கிடைத்ததும் பையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஊரில் யாரிடமும் சொல்ல நேரமிருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் யாரோ என்னை உம்ரா யாத்திரை என்று மக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டுநாயக்கவில் அன்ஸாப் கடை வேனோடு வந்து நின்றார். வேனுக்குள் ஏறியதும் கறாம்பு வாசம் அடித்தது. பையைப் பின்னால் எறிந்துவிட்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.

"நான் மக்காவுக்குப் போனேனாமே?"

அவர் வீதியைப் பார்த்தே ஓட்டினார். "வீட்ட போய் பேசுவம், பஸ்லா."

"யாரு சொன்ன?"

"வீட்ட போய் பேசுவம்ண்டு சொல்றேனே."

"நீங்க சொல்லியிருக்கணும். இல்லாட்டி தாத்தா சொல்லியிருக்கணும். ஒங்க ரெண்டு பேரையும் வுட்டா வேற யாரு?" தாத்தா என்றது என் மூத்த சகோதரி ஹமீமாவை. அடுத்த வளவில்தான் இருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பும் மகளும் அவள் பொறுப்பு.

குருநாகல் தாண்டும் வரை நான் விடாமல் ஏசிக்கொண்டே வந்தேன். என் பயணத்தைக் களவெடுத்துவிட்டீர்கள் என்றேன். அல்லாஹ்வின் வீட்டை வைத்துப் பொய் சொல்ல உங்களுக்கு நாக்குக் கூசவில்லையா என்றேன். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"போன வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுகைக்கு ஆறேழு பேர் வந்து கையக் குடுத்தாங்க. பொஞ்சாதிய உம்ராவுக்கு அனுப்பியிருக்கீங்க, மாஷா அல்லாஹ்ண்டு. நான் இல்லண்டு சொல்லல்ல. அது என்ட பிழைதான்." பிறகு, "நீ போற ஒவ்வொரு வருஷமும் நான் தலையக் குனிஞ்சிட்டுத்தான் பள்ளிக்குப் போறேன். ஒனக்கு அது தெரியா. இந்த வருஷம் மட்டும்தான் நிமிந்து போனேன்" என்றார்.

அது எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் குனிந்து நடந்துவிட்டு இப்போது கணக்குக் காட்டினால் நான் என்ன செய்வது?

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போனால் ஹோல் நிறையப் பெண்கள். பாய் விரித்து, கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து, "உம்ரா கபூலாகட்டும் மகள்", "எங்களுக்கும் துஆ செய்ங்க" என்றார்கள். உம்ராவிலிருந்து வந்தவர் வீட்டுப்படி ஏறிய கையோடு கேட்கிற துஆவுக்குப் பலன் அதிகம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதனால்தான் இந்தக் கூட்டம். அதோடு, இத்தனை வருடம் ஊர் சுற்றியவள் கடைசியில் திருந்திப் போக வேண்டிய இடத்துக்குப் போய் வந்திருக்கிறாள் என்ற சந்தோஷமும் அந்த முகங்களில் இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

என் காலில் மலை ஏறுகிற சப்பாத்து. சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. ஒரு மனிசி அதைக் குனிந்து பார்த்து, "மக்கத்து ஹிரா மலைக்கும் ஏறியிருக்கா" என்று பக்கத்தவளிடம் பக்தியோடு சொன்னாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குசினிக்குள் நுழைந்தேன்.

ஹமீமா தாத்தா அங்கே சின்னச் சின்ன ப்ளாஸ்டிக் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? பேரீச்சம்பழம் நான் எடுத்து வச்சிட்டேன். ஸம்ஸம் தண்ணிக்குத்தான் யோசிச்சேன். போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போன ஆக்கள் தந்ததுல கொஞ்சம் இருந்திச்சி. அத நம்மட தண்ணியில கலந்திருக்கேன். ஒரு சொட்டு கலந்தாலும் பரக்கத்துதான்."

"தாத்தா, நீ மனிசியா?" என்றேன். "ஹோல்ல போய் நிண்டு இப்ப சொல்லப் போறேன். நான் மக்காவப் பாக்கவே இல்லண்டு சொல்லப் போறேன். பொய் சொன்னவங்கட மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறாங்கண்டு பாப்பம்."

திரும்பினேன். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி இரும்பு.

"நான் சொல்லல்ல."

"அப்ப அன்ஸாப்."

"அவனும் சொல்லல்ல. எங்களுக்கே பக்கத்து வீட்டு றாபியா மாமி வந்து சொல்லித்தான் தெரியும். நானும் ஓ, உண்மதான்ண்டு சொல்லிட்டேன். வேற என்ன செய்ய? இல்லண்டு சொன்னா யாரப் பொய்க்காரியாக்கிற?"

அப்போதுதான் கவனித்தேன். விமான நிலையத்திலிருந்து வருகிற என்னைப் பார்க்க எப்போதும் கேட்டடிக்கே ஓடி வருகிறவள் இன்று இன்னும் வெளியே வரவில்லை.

அறைக்குள் ஸஹ்னா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்துபோனேன்.

"நீதானா, மகள்?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏன்?"

படபடவென்று சொன்னாள், பாடமாக்கி வைத்திருந்தவளைப் போல.

"மத்ரஸாவுல ஒன்ட உம்மா எங்கண்டு கேட்டாங்க. கிர்கிஸ்தான்ண்டு சொன்னேன். அங்க என்ன வேலயாண்டு கேட்டாங்க. வேல ஒண்டுமில்ல, பாக்கப் போனாண்டு சொன்னேன். ஒன்னயும் வாப்பாவையும் கூட்டிட்டுப் போகல்லயாண்டு கேட்டாங்க. இல்லண்டேன். அப்ப ஒரு புள்ள சொல்லிச்சி, ஒன்ட உம்மாக்கு ஒங்களோட இருக்க விருப்பமில்லயாக்கும்ண்டு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு ஒண்டும் சொல்ல வரல்ல. எனக்கும் தெரியாதுதானே நீங்க ஏன் போறீங்கண்டு. அதுக்குத்தான் கிர்கிஸ்தான்ண்டது சும்மா பகிடிக்கு, உண்மையா உம்ராவுக்குப் போனாண்டு சொன்னேன். லேடீஸ் குரூப் ஒண்டுல திடீர்ண்டு இடம் கெடச்சிச்சிண்டு சொன்னேன். பொறகு யாரும் ஒண்டும் கேக்கல்ல. ஓதித் தாற ஆலிமா எல்லாரையும் ஒங்களுக்கு துஆ கேக்கச் சொன்னா."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை வைத்து நான் எதையாவது செய்திருப்பேன். நான் ஏரிக்கரையில் ரொட்டி தின்றபடி யாரும் கூப்பிடவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் பிள்ளை ஒரு மத்ரஸாப் பாயில் உட்கார்ந்து தன் உம்மாவுக்கு ஒரு காரணம் தேடியிருக்கிறாள்.

"ஒவ்வொரு நாளும் கோல் எடுத்தேனே, மகள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க சிரிச்சிச் சிரிச்சிப் பேசினீங்க" என்றாள்.

அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். தோளுக்குள் முகத்தை வைத்தபடியே அவள் கேட்டாள்.

"இப்ப உண்மையச் சொன்னா எல்லாரும் என்னப் பொய்க்காரிண்டு கூப்புடுவாங்க. யார்ட்டயும் சொல்லாதீங்க உம்மா. அகீல் நானாட உம்மா றாபியா மாமிட்ட மட்டும் சொல்லவே வேணாம்."

"சொல்ல மாட்டேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இதுவரை ஒளித்துச் செய்யாதவள் இனி ஒளிக்கட்டும், அதனால் வானம் இடிந்தா விழும் என்று எண்ணிக்கொண்டேன். சப்பாத்தைக் கழற்றினேன். அபாயாவைப் போட்டுக்கொண்டேன். ஹோலுக்குப் போய்ப் பேரீச்சம்பழத் தட்டைக் கையில் எடுத்தேன்.

தாத்தா கோப்பைகளைக் கொண்டு வந்து பரிமாறினாள். பெண்கள் எழுந்து நின்று, கிப்லாப் பக்கம் திரும்பி, பிஸ்மி சொல்லி, எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். கூட்டம் எப்படி, கஃபாவைச் சுற்றித் தவாஃப் செய்ய இடம் கிடைத்ததா என்று கேட்டார்கள். கூட்டம்தான் என்றேன். களைப்பாக இருக்கிறது என்றேன். பாவம், கண்ணெல்லாம் சிவந்திருக்கு என்றார்கள்.

அப்போதுதான் றாபியா மாமி வந்தார். எங்கள் பக்கத்து வீடு. அவருடைய மகன் அகீல் ரத்தோட்டை ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டு, மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாமியின் கையில் நன்றாகக் கழுவிய ஒரு பெரிய போத்தல் இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தவர் விடவே இல்லை. அழுதுகொண்டே பேசினார்.

"நீங்க பயணம் சொல்ல வரல்லயேண்டு மனசுல ஒரு சின்னக் குறை இருந்திச்சி மகள். பெறகு ஸஹ்னா புள்ளட்ட, உம்மாக்கிட்ட அகீலுக்கு துஆ கேக்கச் சொல்லுங்கண்டு சொல்லி வுட்டேன். அடுத்த நாளே வந்து சொன்னா, நீங்க கஃபாவப் புடிச்சிட்டு அகீலுட பேரச் சொல்லி அழுதழுது கேட்டீங்களாம். அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுசத் தரணும். அதுக்கு மறு நாள் காலைல அவன்ட பெருவிரல் அசைஞ்சிச்சி மகள். நான் என்ட கண்ணால பாத்தேன்."

அறை வாசல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. இதை அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. மாமியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியதன் காரணம் இப்போது விளங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். தாத்தா நிரப்பி வைத்திருந்த ஜாடியோடு கிட்டே வந்தாள். மாமி போத்தலின் மூடியைத் திறந்தார்.

"வாற கிழம கண்டியில ஒபரேஷனுக்குத் திகதி தந்திருக்காங்க. நான் வேணாம்ண்டு சொல்லப் போறேன். முள்ளந்தண்டுல கத்தி வைக்கிறண்டா சும்மாவா? பிழையாப் போனா அவ்வளவுதான்ண்டு பயந்து பயந்து சாகுறேன். அல்லாஹ்ட வீட்டுல கேட்ட துஆ கபூலாகி, விரலும் அசைஞ்ச பொறகு எனக்கு என்னத்துக்குக் கத்தி? இந்தத் தண்ணியே போதும்."

ஜாடி சரிந்தது. தண்ணீர் போத்தலுக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

நான் தாத்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமி, ஒபரேஷன வேணாம்ண்டு சொல்லாதீங்க."

"ஏன் மகள்?"

"நான் உம்ராவுக்குப் போகல்ல."

தாத்தா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். ஒரு மனிசி கோப்பையை வாயருகே பிடித்தபடி நின்றாள்.

"என்ன சொல்றீங்க மகள்?"

"நான் மக்காவுக்குப் போகல்ல, மாமி. வேறொரு நாட்டுக்குச் சும்மா சுத்திப் பாக்கப் போனேன். அகீலுக்கு நான் துஆ கேக்கல்ல. அவனுக்கு துஆ கேக்கச் சொன்னதே எனக்கு இப்பத்தான் தெரியும்..." என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்தினேன். திரைச்சீலை ஆடியது. மாமி மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார்.

"அப்ப புள்ள வந்து சொன்ன..."

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. ஒன்று வந்ததும் அடுத்தது தானாக வந்தது. "இப்பத்தான் தெரியும்ண்டு சொன்னதும் பொய்தான். எல்லாம் தெரியும். ஊர்ல யாரும் கேட்டா உம்ராண்டு சொல்லுண்டு நான்தான் புள்ளட்ட சொல்லிட்டுப் போனேன். அவ மாட்டேண்டா. நான் ஏசி, பயங்காட்டி சொல்ல வச்சேன். அகீலுக்கு துஆ கேட்டேண்டு சொல்லச் சொன்னதும் நான்தான். கோல்ல சொன்னேன். புள்ள மேல ஒரு பிழையும் இல்ல. இது வெறும் தண்ணி, மாமி. ஒபரேஷனச் செய்ங்க."

றாபியா மாமி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவர் போத்தலைக் கவிழ்த்து, அதில் விழுந்திருந்த கொஞ்சத் தண்ணீரையும் பூச்சாடிக்குள் ஊற்றினார். மூடியைத் திருகினார்.

"விரல் அசைஞ்சது உண்மதான்" என்றார், யாரிடமோ சொல்வதைப் போல. பிறகு என்னிடம் வந்தார். இத்தனை நேரம் நீங்க என்றவர் நீ என்றார். "ஒனக்கு ஊர் சுத்தணும்ண்டா சுத்து. அது ஒன்ட பாடு, ஒன்ட புருஷன்ட பாடு. பச்சப் புள்ளட வாயில என்னத்துக்குப் பொய்யத் திணிச்ச? நீயெல்லாம் ஒரு உம்மாவா?"

வேறு நேரமென்றால் இந்த ஒரு வார்த்தைக்காக நான் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன்.

அவர் போனார். பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தி கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்புத் தேடுகிற சத்தம் அடங்கிய பிறகு அன்ஸாப் உள்ளே வந்தார். முன் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திரைச்சீலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். தாத்தா கோப்பைகளைக் கழுவுகிறேன் என்று குசினிக்குள் நின்று அழுதாள்.

ஸஹ்னா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"நீங்க என்னய ஏசல்லயே, உம்மா" என்றாள். "ஏன் ஏசினேண்டு சொன்னீங்க?"

"அப்புடித்தான் சொல்லணும்" என்றேன்.

அடுத்த கிழமை அகீலை வேனில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். நான் கேட்டடியில் நின்றேன். றாபியா மாமி மகனின் தலையை மடியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டைக் கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒபரேஷன் முடிந்தது என்றும், இனி காலம்தான் பதில் சொல்லும் என்று டொக்டர் சொன்னதாகவும் தாத்தா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

கந்தோரில் இரண்டு கவுண்டர் திறந்திருந்தால் தர்ஷிகாவின் கவுண்டரில்தான் வரிசை நிற்கிறது. "எனக்குக் கை வலிக்குதுக்கா, நீங்க சும்மா இருக்கீங்க" என்று அவள் பகிடி பண்ணப் பார்த்தாள். நான் சிரித்தேன். கவுண்டர் கம்பிக்குள் இருந்து "ஓ, தனியாத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவளை இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்ஸாப் ஜும்ஆவுக்கு மாத்தளை டவுண் பள்ளிக்குப் போகிறார். உக்குவளையில் ஏன் தொழவில்லை என்று நானும் கேட்கவில்லை.

மத்ரஸாவில் மட்டும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஸஹ்னாவைப் பார்த்துப் பிள்ளைகள் பாவப்படுகிறார்களாம். ஆலிமா தலையைத் தடவி, உன் மேல் பிழை இல்லை என்றாராம். நான் வேண்டியது அதுதானே. கிடைத்துவிட்டது. ஊரில் இனி நான் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தவள். அதை மாற்ற எனக்கு வாயில்லை.

ஒரு பின்னேரம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஸஹ்னா கீழே பாயில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாடத்துக்காக ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தாள். தலையை உயர்த்தாமலே கேட்டாள்.

"உம்மா, அடுத்த வருஷமும் போவீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது சுலபமான பதில். அவள் சந்தோஷப்பட்டிருப்பாள், அன்ஸாப் நிமிர்ந்து நடந்திருப்பார், தாத்தா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பாள். ஆனால் பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எனக்குள் பார்த்தேன். போக வேண்டும் என்ற ஆசை அங்கேயே இருந்தது, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இவ்வளவுக்குப் பிறகுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"போவேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நாளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன என்று கேட்கிற அதே குரலில், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியவளாகக் கேட்டாள்.

"அப்ப யாரும் கேட்டா நான் என்ன சொல்ற, உம்மா?"

உண்மையைச் சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். எது உண்மை என்று அவள் கேட்பாள். அவளுக்கு விளங்குகிற மாதிரி, மத்ரஸாவில் கேட்கிற பிள்ளைக்கு அவள் திருப்பிச் சொல்லக்கூடிய மாதிரி, ஒரு வசனத்தைத் தேடினேன். கையிலிருந்த அவளுடைய யூனிஃபோம் கவுனை மடித்தேன், விரித்தேன், மறுபடியும் மடித்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.